வலைச்சாமியாரின் கல்

பூவரசந்துறை, யாழ்ப்பாணத்து வடகரையில் மயிலிட்டிக்குக் கிழக்கே, கடலுக்கும் வீதிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற சின்ன ஊர். அறுபது குடும்பங்கள். எல்லாரும் கடற்றொழில்காரர், எல்லாரும் கத்தோலிக்கர். 1990 ஆனியில் போர் வெடித்து ஊரே எழும்பி ஓடியது. அதன்பிறகு இருபத்தேழு வருடம் அது இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. திரும்பிப் போக விட்டபோது, கோவிலில் பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவர் மாத்திரம் நின்றது. சுவருக்கு முன்னால், பற்றை மூடிய நிலத்தில், வலைச்சாமியாரின் கல் கிடந்தது.

வலைச்சாமியாரின் கதை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கத்தோலிக்க வேதத்துக்குத் தடை. அப்போது கோவாவிலிருந்து ஒரு குருவானவர் தோளில் வலையோடு, மீன்பிடிகாரன் வேடத்தில் இந்தத் துறையில் வந்து இறங்கினார். ஊரோடு சேர்ந்து கிழிந்த வலை பொத்தினார், ஒளித்துப் பூசை வைத்தார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஏழாம் வருடம் காய்ச்சலில் இறந்தார். சனங்கள் அவரை ஓலைக் கோவிலின் பீடத்தடியில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்தார்கள். சிலுவை வெட்டினால் ஒல்லாந்தருக்குத் தெரிந்துவிடும் என்று, வலையின் கண்ணைப்போல ஒரு சாய்சதுரத்தை மட்டும் அதில் வெட்டினார்கள்.

சுபாஜினிக்கும் அந்தக் கதை தெரியும். அவளுடைய தகப்பன் சிமியோன் அந்தக் கோவிலின் சங்கிலித்தாம். மணி அடிப்பது, பீடம் சோடிப்பது, பூசைக்கு உதவுவது எல்லாம் அவர்தான். ஊர் ஓடிய மூன்றாம் நாள் அவர் தனியே திரும்பிப் போனார். கோவில் வாசலில் செல் குண்டு விழுந்து செத்தார். சாமியாரின் கல்லறையை மண்மூட்டை வைத்து மூடப் போனவர் என்று ஊர் சொன்னது. அப்போது சுபாஜினிக்கு நாலு வயது. அண்ணன் கனிசியஸுக்குப் பதினேழு. அந்த வருடம் குருமடத்துக்குப் போக இருந்தவன், அதை விட்டுவிட்டு அகதி முகாமிலிருந்து அடுத்தவர் வள்ளத்தில் தொழிலுக்குப் போனான். தாயைப் பார்த்தான், தங்கையைப் படிப்பித்தான். அவள் தொல்லியல் படித்து, பல்கலைக்கழக விரிவுரையாளராக வந்தாள்.

புதுக் கோவிலுக்கு அத்திவாரம் வெட்டுமுன் சாமியாரின் எலும்புகளை எடுத்துப் புதுப் பீடத்தில் வைக்க வேண்டும் என்று பங்குத்தந்தை நிருஷன் விரும்பினார். கோவில் மூப்பராக இருந்த கனிசியஸ் தங்கைக்கு ரெலிபோன் எடுத்தான்.

"பாதர் கொழும்பிலையிருந்து ஆக்களைக் கூப்பிடப் போறாராம். நான் வேண்டாமெண்டிட்டன். சாமியாரைத் தொடுறதெண்டால் ஐயாவின்ரை மகள் தான் தொடவேணும்."

"அண்ணை, உள்ளை என்ன இருக்குதோ அதைத்தான் நான் சொல்லுவன். பிறகு குறை சொல்லக்கூடாது."

"இருக்கிறதைத்தானே சொல்லப்போறாய்? சொல்லன்," என்று அவன் சிரித்தான்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தன் ஊர், தன் வேதம், தன் தகப்பன் செத்த இடம். ஆய்வு இவளுடைய கையில் வளைந்துவிடும் என்று தொல்லியல் துறையில் ஒருவரும் முணுமுணுக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள். அந்தக் கவனமே பிறகு வேறொரு வளைவாகப் போயிற்று. அது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

2018 பங்குனியில் வேலை தொடங்கியது. இரண்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், ஒரு குழி. அனுமதி அவ்வளவுக்குத்தான் கிடைத்திருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து கல்லைப் பெயர்த்தார்கள். பெண்கள் தறப்பாளின் கீழ் இருந்து செபமாலை சொன்னார்கள். சுபாஜினி முழங்காலில் நின்று சாந்தகப்பையால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி இறங்கினாள். கல்லுக்குக் கீழே சுண்ணாம்புச் சாந்து. அதற்குக் கீழே உடைந்த ஓடுகள். அதற்கும் கீழே சிப்பி, மீன்முள், ஆமை ஓடு. வடக்கு மூலையில் பழைய அத்திவாரம் ஒன்றின் துண்டு சரிவாகக் குறுக்கே போனது. அவள் அதை அளந்து வரைந்து, எண் போட்டு, அடுத்த படைக்குப் போனாள்.

ஏழாம் நாள் கனிசியஸ் குழியின் ஓரத்தில் வந்து குந்தினான்.

"தங்கச்சி, வாசல் பக்கமும் ஒருக்கால் பாப்பமே? வாசலடியிலையும் சாமியார் இருக்கிறார் எண்டு ஐயா சொல்லுறவர்."

"கல் இஞ்சை கிடக்கு, அண்ணை. அனுமதியும் இந்த ஒரு குழிக்குத்தான். ஊர் சொல்லுற இடமெல்லாம் கிண்ட வெளிக்கிட்டால் அது ஆராய்ச்சி இல்லை."

அது உண்மைதான். ஆனால் இன்னொரு குழிக்கு அனுமதி கேட்டிருக்கலாம், கேட்டால் கிடைத்திருக்கும். திங்கட்கிழமை பரீட்சைத் தாள் திருத்தப் போக வேண்டியிருந்ததால் அவள் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள், நாலடி ஆழத்தில், சாந்தகப்பை பாறையில் தட்டியது. ஒரு மனித எலும்பும் இல்லை. பின்னேரம் செபமாலை முடிந்ததும் அவள் எழுந்து நின்று ஊருக்குச் சொன்னாள்.

"இதுக்குள்ளை மனிசர் ஆரையும் புதைக்கேல்லை."

ஒரு கிழவர் எழும்பிக் கேட்டார்: "மண் திண்டிருக்குமோ பிள்ளை? முந்நூறு வருசமெல்லே?"

"இல்லை, ஐயா. இது சுண்ணாம்பு மண். எலும்பைத் தின்னாது, வைச்சுக் காப்பாத்தும். உந்த மீன்முள்ளைப் பாருங்கோ, நேற்றுத் திண்டு போட்டமாதிரிக் கிடக்கு."

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஒரு குழிக்குள் ஒன்றும் இல்லை என்றால் அந்தக் குழிக்குள் ஒன்றும் இல்லை என்பதுதான் பொருள். அதை அவள் வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் அன்றைக்குத் தன் ஊர்ச் சனத்தின் முகங்களுக்கு முன்னால், தான் ஒருவருக்கும் சாயவில்லை என்று காட்ட வேண்டும்போல ஒரு வேகம் வந்தது.

"வலைச்சாமியார் எண்டு ஒருவர் இருந்ததுக்கு ஒரு சான்றும் இல்லை. இப்பிடிக் கதைகள் எல்லா ஊரிலையும் இருக்கு. சனத்துக்கு ஆறுதல் தேவைப்பட்ட காலத்திலை பிறக்கிற கதைகள்."

ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனார்கள்.

அன்று அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணன் மனைவி கத்தரீனா விளைமீன் குழம்பு வைத்திருந்தாள். கனிசியஸ் பாதியில் கையை எடுத்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப ஐயா?"

சுபாஜினிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், பாடம் நடத்துகிற குரலிலேயே பதில் வந்தது.

"ஐயா நம்பினவர், அண்ணை. நம்பினதுக்காகப் போனவர். அதுவே பெரிய விசயம் தானே?"

அவன் எழும்பிப் போய்க் கை கழுவினான். திரும்பி வந்து அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டைப் போடும்படி கத்தரீனாவிடம் சொன்னான். அதைப்பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு பத்திரிகை, ‘கல்லறை வெறும் கதை: ஆய்வாளர்’ என்று தலைப்புப் போட்டது. ‘வெறும்’ என்ற சொல் அவளுடையதல்ல. அவள் அதைத் திருத்தச் சொல்லவும் இல்லை. வெட்டி எடுத்துத் தன் அறையின் பலகையில் குத்தி வைத்தாள்.

அடுத்த வருடம் புதுக் கோவில் எழும்பியது. பீடத்துக்குள் வைக்க ஒன்றும் இருக்கவில்லை. கல்லை மதிலோரம் நட்டுவிட்டார்கள். ஆடி மாதத்தில் வலைச்சாமியாருக்கு வைக்கிற நவநாள் செபம் முதல் வருடம் சிறுத்தது, அடுத்த வருடம் நின்றது. கனிசியஸ் மூப்பர் வேலையை விட்டான். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறக்காத ஊரில் அவனுடைய வள்ளம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலுக்குப் போனது.

கத்தரீனா ரெலிபோனில் அழுதாள். "கோவில் மணி அடிக்கேக்கை இவர் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணுறார், மச்சாள். ஏனெண்டு கேட்டால் வாய் திறக்கிறாரில்லை. நீங்களாவது ஒருக்கால் வந்து கதையுங்கோ."

"கொஞ்ச நாளிலை சரிவரும், மச்சாள். நான் விடுமுறைக்கு வாறன்."

விடுமுறைக்கு வந்தாள். அண்ணன் சுகம் விசாரித்தான், அவளுக்குப் பிடித்த நண்டு வாங்கிக் கொடுத்தான். அவளும் கேட்கவில்லை. இப்படி ஆறு வருடம் போயிற்று.

2024 மாசியில், வேறொரு ஆய்வுக்காக அவள் பழைய மிசன் வீடு ஒன்றின் அலுமாரியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கறையான் அரித்த பதிவேடுகளுக்கு நடுவில், பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரின் நாட்குறிப்பு கிடந்தது. 1868ஆம் வருடத்தது. அவளுக்குப் பிரெஞ்சு மெதுவாகத்தான் வரும். ‘பூவரசந்துறை’ என்ற பெயர் கோணல் எழுத்தில் கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

கோவில் புயலில் விழுந்துவிட்டது; பழைய கோவிலின் வாசல் கடலைப் பார்த்திருந்தது; காற்றுக்குப் பயந்து அதை மற்றப் பக்கம் திருப்பி, வாசலை ஊர்ப் பக்கம் வைத்துக் கட்டுகிறேன் என்று அவர் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது: ‘ஆகவே அவர்களுடைய சாமியாரின் புதைகுழி இனிப் பீடத்தடியில் இராது, வாசற்படிக்கு வலப்பக்கம் வரும். கல்லைப் பெயர்த்தபோது எலும்புகளைக் கண்டேன். நெஞ்சின்மேல் விரல் நீளத்தில் ஒரு பித்தளைச் சிலுவை. அசைக்க எனக்குத் துணிவு வரவில்லை, மூடிவிட்டேன். சனங்களின் ஆறுதலுக்காகக் கல்லை மட்டும் புதுப் பீடத்தின்முன் கொண்டுவந்து வைத்தேன்.’

அவள் அந்தப் பக்கத்தை நாலு தரம் வாசித்தாள். பிறகு வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய், 2018ஆம் வருட ஆய்வுக் கோப்பை எடுத்து வரைபடத்தை விரித்தாள். வடக்கு மூலையில் சரிவாகப் போன அத்திவாரம். எஞ்சி நின்ற பீடச் சுவரோடு ஒத்துவராத திசை. அதற்கு முன்பு அங்கே வேறு திசையில் ஒரு கட்டடம் நின்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அதை விளக்காமல் விட்டால் இரண்டாம் வருட மாணவருக்கும் அவள் புள்ளி வெட்டுவாள். அவளே அளந்து, அவளே வரைந்து, அவளே எண் போட்டது. கல்லுக்குக் கீழே இருந்த சாந்துகூடப் பழைய சாந்து இல்லை. அதையும் குறித்திருந்தாள். எல்லாம் குறிப்பில் இருந்தன. அவள்தான் அவற்றைப் பார்க்கவில்லை. பலகையில் குத்தியிருந்த பத்திரிகைத் துண்டை அவள் கழற்றினாள். குண்டூசி விரலில் ஏறியது.

அடுத்த நாளே பூவரசந்துறைக்குப் போனாள். பாதர் நிருஷன் மாற்றலாகிப் போயிருந்தார். புதிய பங்குத்தந்தை அவள் கொண்டுவந்த நாட்குறிப்புப் படங்களைப் பார்த்து, அவள் தமிழில் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். பிறகு இருவரும் கோவில் முகப்புக்கு நடந்தார்கள். பழைய வாசற்படிக்கு வலப்பக்கம் என்றால், அது இப்போது மணிக்கூண்டு நிற்கிற இடம்.

"இந்தத் தூணை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினவை, பாதர்?"

கோவில் கட்டட வேலைகளைப் பார்க்கிற தியாகராசா மேசனைக் கூப்பிட்டார்கள். அவர் அரியாலையிலிருந்து வந்து இங்கே தங்கி வேலை செய்தவர்.

"பாறை மட்டும், ரீச்சர். மெசின் கொண்டு வந்து நாலரை அடி வெட்டினனாங்கள். மணிக்கூண்டெல்லே, பாரம் தாங்க வேணும்."

"வெட்டின மண்ணிலை ஏதும் எலும்பு கிலும்பு கண்டனீங்களோ?"

மேசன் யோசித்தார். "எலும்பு கிடந்ததுதான். ஆட்டெலும்போ என்னவோ எண்டு நாங்கள் நினைச்சம். இஞ்சை ஒண்டுமில்லையெண்டு நீங்கள் பாத்துச் சொன்ன இடந்தானே. ஆரும் கவனிக்கேல்லை."

"மண்ணை எங்கை கொண்டுபோனவை?"

"துறைமுகத்துப் பக்கம் பள்ளம் நிரப்பினவை. பிறகு அதுக்கு மேலை தார் போட்டாச்சு."

சுபாஜினி குனிந்து தூணின் அகலத்தைச் சாணால் அளந்தாள்.

அவள் திருத்தம் எழுதினாள். தன்னுடைய முடிவு அவசரமானது, சான்றைப் பிழையாக வாசித்தவளும் ஊர் காட்டிய இடத்தைப் பார்க்க மறுத்தவளும் தானே என்று பெயர் போட்டு எழுதினாள். பத்திரிகை அதை உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில், எட்டு வரியில் போட்டது. ஆனால் பங்குத்தந்தை ஞாயிற்றுப் பூசையில் அறிவித்தபோது கோவில் கை தட்டியது. அடுத்த கிழமையே இளைஞர் மன்றம் வாசலில் பதாகை கட்டியது: ‘விஞ்ஞானம் நிரூபித்த எங்கள் புனிதர்.’

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்று அவள் அவர்களிடம் போய்ச் சொன்னாள். "அந்தக் குழிக்குள்ளை ஒரு ஆள் இருந்திருக்கிறார். நெஞ்சிலை சிலுவையோடை புதைச்ச ஆள். அவ்வளவுதான் தெரியும். அவர் குருவானவரோ, கோவாவிலையிருந்து வந்தவரோ எண்டு எனக்குத் தெரியாது. இனி அறியவும் ஏலாது."

"உங்களுக்கு உங்கடை முறையிலை சொல்லவேணும், ரீச்சர். எங்களுக்கு விளங்குது," என்றான் மன்றத் தலைவன் டிலக்ஷன். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான். பதாகை அப்படியே நின்றது.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் அவள் அண்ணனிடம் போனாள். முதல் நாளே போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

கனிசியஸ் கடற்கரையில் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் வலை பொத்திக்கொண்டிருந்தான். தலை நரைத்துப் போயிருந்தது. வந்தவளுக்கு ஒரு மண்ணெண்ணெய்க் கலனைக் கவிழ்த்து இருக்கக் கொடுத்தான். அவள் நாட்குறிப்பின் படத்தை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"கத்தரீனா சொன்னவள்."

"நான் பிழை விட்டிட்டன், அண்ணை. நீ வாசலடியைப் பாரெண்டு சொன்னனீ. நான் கேக்கேல்லை. சாமியார் இருந்திருக்கிறார். ஐயா சும்மா போகேல்லை."

அவன் ஊசியை வலைக்கண்ணில் நுழைத்து முடிச்சை இழுத்தான்.

"ஐயா ஏன் போனவரெண்டு உனக்குத் தெரியுமே?"

"கல்லறையை மூட."

"ஓம். ஆர் அனுப்பினது?"

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"நான்," என்றான் கனிசியஸ். "அப்ப நான் சாமியாராகப் போற பெடியன். பக்தி தலைக்கு மேலை. மல்லாகத்துப் பள்ளிக்கூடத்திலை எல்லாரும் ஒதுங்கி இருக்கிறம். நான் ஐயாவைப் பாத்துக் கேட்டன், ‘இத்தனை வருசம் அவர் எங்களைப் பாத்தவர். அவரை அப்பிடியே செல்லடிக்குள்ளை விட்டிட்டு வந்திட்டியளே, நீங்களும் ஒரு சங்கிலித்தாமோ?’ எண்டு. அம்மா அடிச்சவ என்னை. ஐயா ஒண்டும் பேசேல்லை. விடியச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டார்."

கடலில் ஒரு வள்ளம் காங்கேசன்துறைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"பிறகு நான் என்னெண்டு இருந்தனான் தெரியுமே? ஐயா ஒரு புனிதருக்காகச் செத்தவர், அது வேதசாட்சியின்ரை சாவு எண்டு சொல்லிச் சொல்லித்தான் இருந்தனான். குருமடத்துக்குப் போக மனம் வரேல்லை. கோவிலை விடவும் மனம் வரேல்லை. இருபத்தெட்டு வருசம். நீ குழிக்குள்ளை ஒண்டுமில்லையெண்ட அண்டைக்கு, ஒரு வெறுங்குழிக்காக நான் அவரைச் சாக அனுப்பிப்போட்டன் எண்டு விளங்கிச்சுது."

"அண்ணை, அது வெறுங்குழி இல்லையெண்டுதான்..."

"விளங்குது, தங்கச்சி. இப்ப இருக்கெண்டு சொல்லுறாய். ஆனா அந்த ஆறு வருசத்திலை நான் யோசிச்சிட்டன். எலும்பு இருந்தாலும் நான்தான் அனுப்பினது. இல்லாட்டியும் நான்தான் அனுப்பினது. உன்ரை கடுதாசியாலை அது மாறாது. முந்தி எனக்கு அது தெரியாது. அதைப் பாக்காமல் எலும்புக்கு மேலை ஏறி நிண்டுகொண்டு இருந்திட்டன்."

யாழ்ப்பாணத்தில் சுபாஜினி கால் வைக்காத பழைய கோவில் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் கிழவர்களைப் பிடித்துவைத்து மணிக்கணக்காகக் கேள்வி கேட்பாள். அவர்கள் சொல்வது சரியோ பிழையோ, முழுக்கக் கேட்க வேண்டும் என்பாள். அந்த ஒன்பது நாளும் அண்ணன் வீட்டில்தான் சாப்பிட்டாள். ஐயா போன அன்று என்ன நடந்தது என்று ஒரு தரம்கூட அவனைக் கேட்கவில்லை. ஊர் சொன்ன கதையை நம்பாதவள், ஊர் சொன்ன அந்த ஒரு கதையை மட்டும் கேள்வியில்லாமல் நம்பியிருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றாள் கடைசியில்.

"நீ சின்னப்பிள்ளை. பிறகு படிச்ச பிள்ளை. எப்ப சொல்லுறது?"

அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். அவன் பிடிக்க விட்டான். ஆனால் கொஞ்ச நேரத்தில், பொழுது படுமுன் வலையை முடிக்க வேண்டும் என்று கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

அந்த வருடம் கார்த்திகை இரண்டாம் திகதி, இறந்தோர் நாளில், அவன் அவளோடு மல்லாகத்துச் சேமக்காலைக்கு வந்தான். தகப்பனை அங்கேதான் அவசரத்தில் அடக்கியிருந்தார்கள். மழை இரவு முழுக்கப் பெய்து விட்டிருந்தது. கத்தரீனா குழியைச் சுற்றிப் புல்லுப் பிடுங்கினாள். சுபாஜினி மெழுகுதிரியைக் கொளுத்தினாள். காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் கனிசியஸ் கையைக் குவித்துப் பிடித்தான். மற்ற இருவரும் பரலோக மந்திரம் சொன்னபோது அவன் சொல்லவில்லை. சிலுவை அடையாளமும் போடவில்லை. திரி நின்று எரியுமட்டும் குனிந்தபடி இருந்தான்.

வெளியே வரும்போது, "ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாவன், அண்ணை," என்று அவள் கேட்டாள். கேட்டதும், கேட்டிருக்கக் கூடாதோ என்றும் நினைத்தாள்.

"பாப்பம்," என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடலுக்குப் போனான். அடுத்ததுக்கும் போனான்.